காணாவிட்டால் பாதகமில்லை

மண்டபம் வடக்குத் துறை. தை மாதச் சனிக்கிழமை,
விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
டோக்கன் அடிக்கிற பிரிண்டர்
பாதித் தாளை நாக்குப் போல நீட்டியபடி
நின்றுவிட்டது.

எழுத்தர் சேகு நைனா என்னை எழுப்பியபோது
போனில் அவர் குரலுக்குப் பின்னால்
நூறு எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது.
"டோக்கன் இல்லாமப் போனா மானிய டீசல் போச்சும்மா."
உச்சிப்புளியிலிருந்து ஸ்கூட்டர்.
வழி நெடுக வாடை,
முகத்தில் உப்பு.

கறுப்புத் திரை. ஒரு கட்டளை. விடை:
வட்டு நூறு சதவீதம் நிறைந்தது.
பதினாறு ஜிபி பழைய பெட்டியில்
பன்னிரண்டை ஒரே பதிவுக் கோப்பு தின்றிருக்கிறது.
திறந்தேன்.
படகு 417. பதில் இல்லை. மீண்டும் அழைக்கிறேன்.
படகு 417. பதில் இல்லை. மீண்டும் அழைக்கிறேன்.
நொடிக்கு மூன்று தடவை,
பதினொரு மாதமாக.

சேகு நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நம்புராஜன் படகு. போன மாசியில
அக்கரை நேவி பிடிச்சுட்டுப் போயிட்டான்.
ஆளை விட்டாச்சு. படகு அங்கதான் கிடக்கு."
ஊருக்கெல்லாம் தெரியும்.
இந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

சன்னல் கம்பியைத் தட்டுகிற ரெமிஜியுசின்
தோளுக்குப் பின்னால், லுங்கியை மடித்துக் கட்டி
வேறொருவர் படகுக்குக் கூலியாக
நம்புராஜனும் வரிசையில் நின்றான்.

அழிக்கும் முன் முதல் வரியை மட்டும் எடுத்துக் காட்டினேன்:
படகு முதன்முதலாய்ப் பேசாமல் போன நேரம்,
இரவு 2.11.
நைனா அதைக் கிழிந்த டோக்கனின் பின்புறம் எழுதி
மைப்பெட்டிக்கு அடியில் வைத்தார்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

அழித்தேன்.
வட்டு அசையவில்லை. அதே நூறு.
போனது பெயர் மட்டும்தான். எழுதுகிற நிரல்
கோப்பை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது;
எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்றில்
தன் வரியை எழுதிக்கொண்டே இருக்கிறது.
அதைக் கொல்ல வேண்டாம். தோளைத் தொட்டு
'கையிலிருப்பதைக் கீழே வை, புதிதாகத் திற' என்று
ஒரு சமிக்ஞை போதும்.
நூறு இருபத்தைந்தாயிற்று.
பிரிண்டர் நாக்கை உள்ளிழுத்து
முதல் டோக்கனைத் துப்பியது.

எல்லாப் படகும் போன பிறகுதான்
சுழற்சிக்கான அமைப்பை எழுத உட்கார்ந்தேன்.
நாளுக்கொரு முறை திருப்பு. ஏழு வைத்துக்கொள்,
எட்டாவதை விட்டுவிடு.
பழையதைச் சுருக்கு, ஆனால் நேற்றையதை இன்று தொடாதே:
நேற்றை யாரேனும் இன்னும் பிடித்திருக்கக்கூடும்.
வெறுமையாயிருந்தால் திருப்பாதே;
மீன்பிடித் தடைக்கால அறுபத்தொரு நாளும்
கரையேற்றிய படகு போல் கிடக்கட்டும்.

அடுத்த வரி நான் எங்கும் யோசிக்காமல் அடிப்பது.
தொண்டி ஐஸ் பாக்டரியில் அடித்திருக்கிறேன்,
கீழக்கரை ஆஸ்பத்திரியிலும்:
கோப்பு காணாவிட்டால் பாதகமில்லை, மேலே போ.

பாதி வரியில் விரல் நின்றது.
சுவரில் உயிர்காப்பு மிதவைகள்,
ஒன்றில் மட்டும் கயிறில்லை.
அடித்த பாதியையும் அழித்தேன்.
இந்த ஆபீசில் எது காணாமல் போனாலும்
இது கத்தட்டும்.
மூன்று மணிக்கு என்னை எழுப்பட்டும்.

பில்: பதிவுச் சுழற்சி அமைத்தது, ரூபாய் எண்ணூறு.
கையெழுத்து வாங்கும்போது கேட்டேன்,
"அந்த 417-ஐக் கூப்பிடறதை நிறுத்திடவா?
ஒரு வரிதான், மாத்திடலாம்."

நைனா கடலைப் பார்த்தார்.
விளக்குகள் புள்ளியாகிவிட்டிருந்தன.
"நாளைக்குக் கரைக்கு வரட்டும்.
அவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

புதுக் கோப்பு அதற்குள்
இருபது கேபி ஆகியிருந்தது.